கோல்ப் பந்து ஏன் வளைகிறது: பழைய விதியா, புதிய விதியா?

யாழ்ப்பாணத்தில் நம்மில் பலருக்கு கோல்ப் என்றால் தொலைக்காட்சியில் பார்ப்பதுதான். இல்லாவிட்டால் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் மச்சான் சொல்லும் கதை. "நேராத்தான் அடிக்கிறன், பந்து வலப்பக்கம் ஓடுது" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். காரணம் கேட்டால் இரண்டு விளக்கங்கள் கிடைக்கும். இரண்டும் ஒன்றாகச் சரியாக இருக்க முடியாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே ஸ்விங் நினைவுக்கு வரும். மென்பந்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் டேப் சுற்றி வீசினால் பந்து வளையும். ஆனால் அது ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு என்பதால் வருவது. கோல்ப் பந்தில் குழிகள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கின்றன. அவை காற்றின் இழுவையைக் குறைத்துப் பந்தைத் தூரம் கொண்டுபோகத்தான். நெருங்கிய உறவு வேண்டுமென்றால் முரளிதரனின் பந்தைச் சொல்லலாம். தரையில் பட்டுத் திரும்புவதற்கு முன்பே அது காற்றில் சற்று விலகும். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளுகிறது, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. கோல்ப் பந்தை மேலே தாங்கிப் பிடிப்பது பின்சுழற்சி, அதாவது பந்து பின்னோக்கிச் சுழல்வது, என்பதை எடின்பரோ பேராசிரியர் டெய்ட் 1890களிலேயே எழுதிவிட்டார். இதுவரை இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

சண்டை மட்டை பந்தைத் தொடும் இடத்தில்தான். மட்டை வீசப்படும் பாதையில் பந்து புறப்பட்டு, மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பகுதி, பார்க்கும் பக்கம் வளையும் என்பது பழைய விதி. புதிய விதி அதைத் தலைகீழாக்குகிறது: பந்து பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையில்தான் புறப்படும், பிறகு பாதைக்கு எதிர்ப்பக்கம் வளையும். புறப்படும் திசையில் முகத்தின் பங்கு, நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையில் ஏறத்தாழ 85 சதவீதம், முகம் கூடுதலாகச் சரிந்த அயன் மட்டையில் 75 சதவீதம் என்பார்கள்.

எதை நம்புவது என்பதற்கு ஒரு சோதனை. பந்துக்கும் அது விழ வேண்டிய குழிக்கும் நடுவே அடர்ந்த வடலிக் கூட்டம் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். வலக்கைக்காரர் அதன் வலப்பக்கமாகச் சுற்றி இடப்பக்கம் வளைத்துக் கொண்டுவர வேண்டும். பழைய விதிப்படி முகத்தைக் குழிக்கு நேரே வைத்து, 8 பாகை வலப்பக்கமாக வீச வேண்டும். அயனால் அப்படி அடித்துப் பாருங்கள். பந்து குழிக்கு நேரிலிருந்து 2 பாகை அளவே விலகிப் புறப்பட்டு, நேரே வடலிக்குள் போய்ச் சொருகும். புதிய விதிப்படி முகமே வடலிக்கு வலப்பக்கம் பார்க்க வேண்டும், வீச்சு அதையும் தாண்டி வலப்பக்கம் போக வேண்டும். பந்து சுற்றி வரும்.

அப்படியென்றால் பழைய விதி இத்தனை காலம் எப்படி உயிரோடு இருந்தது? எந்தப் பக்கம் வளையும் என்பதை அது சரியாகவே சொல்லிவிடும். பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் வலப்பக்கம்தான். பிழைப்பது புறப்படும் திசையில் மட்டும். மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பதோ வினாடியில் ஏறக்குறைய 2000இல் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கு அது பிடிபடும்? பந்தின் போக்கை அளக்கும் டொப்ளர் ராடார் கருவிகள் பயிற்சித் திடல்களுக்கு வந்த பிறகுதான் விவாதம் ஓய்ந்தது.

இரு தரப்பாரும் 'பக்கச் சுழற்சி' என்று தனியாக ஒன்று இருப்பதுபோலக் கதைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பந்துக்கு ஒரே ஒரு சுழற்சி அச்சுத்தான். அது கிடையாக இருந்தால் பந்து நேரே போகும், சரிந்தால் சரிந்த பக்கம் வளையும். டிரைவரின் முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்தது, பின்சுழற்சி குறைவு. அதனால் முகத்துக்கும் பாதைக்கும் இடையே சின்ன வித்தியாசம் இருந்தாலே அச்சு நன்றாகச் சரிந்துவிடும். கிட்டத் தூரத்துக்கு அடிக்கும், மல்லாந்த முகமுள்ள வெட்ஜ் மட்டையில் அதே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வெட்ஜில் நேராக அடிக்கிற மச்சான் டிரைவரை எடுத்தவுடன் அவமானப்படுவது இதனால்தான். பந்து வலப்பக்கம் போகிறதே என்று அவர் இன்னும் இடப்பக்கமாக வீசுவார். வித்தியாசம் கூடும், வளைவும் கூடும்.

சரி, புதிய விதிக்கே என் வாக்கு. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு: பந்து முகத்தின் நடுவில் பட்டால்தான் கணக்கு ஒத்துவரும். டிரைவரின் நுனிப்பக்கம் பட்டால் பந்து இடப்பக்கம் வளையப் பார்க்கும், பிடித்தண்டை ஒட்டிய பக்கம் பட்டால் வலப்பக்கம். மட்டை முகத்தில் கொஞ்சம் பவுடர் பூசி அடித்தால் பட்ட இடம் தெரிந்துவிடும். அடையாளம் பிடிப்பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தால், முகத்தையும் பாதையையும் அப்புறம் பார்க்கலாம்; முதலில் பந்தை நடுவில் பட வைக்க வேண்டும்.