கிராக்கனா, வெள்ளை மெகலடானா?

சீ ஆஃப் தீவ்ஸ் என்ற கடற்கொள்ளையர் வீடியோ விளையாட்டில் கப்பலைச் சுற்றித் தண்ணீர் திடீரென்று மைக்கறுப்பானால், வந்திருப்பது கிராக்கன் என்ற ராட்சதக் கடல் விலங்கு. 2018 மார்ச்சில் விளையாட்டு வெளியானபோதே இது இருந்தது. அப்போது கைகள் மட்டும்தான் மேலே வந்தன, முழு உடலைப் பார்க்க முடியவில்லை. ஒரு கை கப்பலைச் சுற்றி நெரிக்கும், இன்னொன்று தளத்தில் நிற்பவரை அப்படியே உறிஞ்சித் தூக்கும். தனியாளாகச் சிறிய கப்பலில் போகிறவர் மைத்தண்ணீரைத் தாண்டி ஓடுவதே நல்லது.

மெகலடான் அதே ஆண்டு மே மாதம் வந்த சுறா. சண்டை என்று பார்த்தால் இது எளிது: வட்டமடிக்கும், பாய்ந்து கடிக்கும், கப்பலில் ஓட்டை விழும். அடைத்துக்கொண்டே பீரங்கியால் சுட்டால் போதும். ஆனால் இதில் 'ஷ்ரவுடட் கோஸ்ட்' என்ற வெளிறிய வகை இருக்கிறதே, அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. அது வருவது மிக அரிது.

கொன்றால் கிடைக்கும் இறைச்சியில் இரண்டும் ஒன்றுதான், வேக இரண்டு நிமிடம். சண்டைச் சுவைக்கு என் ஓட்டு கிராக்கனுக்கு. வெளிறிய சுறா கண்ணில் பட்டால் மட்டும் புதையலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.