குவினோலோன் பற்றும் நொதியும் பற்றாத நொதியும்

தொண்டி, மண்டபம் எனக் கடலோர இறால் பண்ணைகளில் தடை செய்யப்பட்டுள்ள ஃப்ளூரோகுவினோலோன் என்னும் பாக்டீரியாக்கொல்லி வகையைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசினை மருத்துவர் நமக்கு எழுதித் தருகிறார். அது பாக்டீரியாவைக் கொன்று நம் செல்களை விட்டுவைப்பது எப்படி என்பது, பாக்டீரியாவின் நொதியையும் நம் நொதியையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

இரண்டும் டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டி, இன்னொரு பகுதியை அவ்விடைவெளி வழியே செலுத்தி, மீண்டும் ஒட்டுபவை. பாக்டீரியாவின் கைரேஸ் இரு வகைப் புரதங்களின் நான்கு துணையலகுகளால் ஆனது. டிஎன்ஏவில் எதிர்முறுக்கை, அதாவது அதன் இயல்பான முறுக்குக்கு எதிர்த்திசையிலான முறுக்கை, ஏற்ற வல்லது. மனிதர் உள்ளிட்ட விலங்குகளின் நொதியான இரண்டாம் வகை டோப்போஐசோமரேஸ் ஒரே மாதிரியான இரு சங்கிலிகளால் ஆனது. இந்நொதியால் எதிர்முறுக்கு ஏற்ற இயலாது.

மருந்தின் தேர்வைத் தீர்மானிப்பது இதனினும் நுண்ணிய வேறுபாடு. கைரேசில் செரின் என்னும் ஓர் அமினோ அமிலமும் அருகே அமிலத்தன்மை கொண்ட இன்னோர் அமினோ அமிலமும் உண்டு. மருந்தோடு பிணைந்த மக்னீசிய அயனி, தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் வழியே பாலம்போல இவற்றைப் பற்றிக்கொள்ள, வெட்டப்பட்ட டிஎன்ஏ மீண்டும் ஒட்ட முடியாமல் முறிவுகள் பெருகிப் பாக்டீரியா மடிகிறது. மனித நொதியில் அந்த செரின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருப்பதால் அப்பாலம் அமைவதில்லை. மிக உயர்ந்த செறிவில் மட்டுமே பாதிப்பு தெரியும்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களில் பெரும்பாலும் மாறியிருப்பதும் அந்த செரின்தான். குளத்து நீரில் மிஞ்சும் சிறிதளவு மருந்தும் அத்தகையவற்றையே பிழைக்கவைக்கும் என்பதால், பண்ணைத் தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.