பஸ் பயணத்தில் கேட்க: ஆடியோ பைபிளா, பிரசங்கமா?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. எதைக் கேட்பது என்பதுதான் குழப்பம்.

செலவு
ஆடியோ பைபிள்: இலவசம். பைபிள்.இஸ் செயலியில் தமிழ் ஒலிப்பதிவு இருக்கிறது.
பிரசங்கம்: யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் வீடியோவாக ஓடினால் டேட்டா கரையும், நடுவில் விளம்பரம் வேறு.

கூட்டமும் இரைச்சலும்
ஆடியோ பைபிள்: பாபநாசத்தில் கூட்டம் ஏறிக் கவனம் சிதறினாலும் ஓர் அதிகாரம் பின்னால் போனால் போதும். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். போகவர ஒரே நாளில் முடித்துவிடலாம்.
பிரசங்கம்: பத்து நிமிடம் தவறினால் தொடர்பே அறுந்துவிடும். பின்னணி இசையோடு முழங்குகிறவர்கள், ஏர்ஹாரனுக்கு நடுவே, சரி, விடுங்கள்.

புரிதல்
ஆடியோ பைபிள்: கதைப் பகுதிகள் ஓடும். சட்டங்களாகவே அடுக்கிப் போகும் லேவியராகமம் தூக்கம் வரவழைக்கும். பவுல் எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தைக் காதால் மட்டும் பிடிப்பது கடினம்.
பிரசங்கம்: இங்கேதான் ஜெயிக்கிறது, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். ஒரு நூலை அதிகாரம் அதிகாரமாக விளக்குகிறாரா, அன்றைய சூழலைச் சொல்கிறாரா என்று முதல் பத்து நிமிடத்தில் பாருங்கள். வசனத்தை விட்டுவிட்டு அற்புதமும் காணிக்கையுமாகவே போனால் அடுத்ததுக்கு மாறிவிடலாம்.

நின்றுகொண்டு போகிறவர்களுக்கு ஆடியோ பைபிள். ஜன்னலோர இடம் கிடைக்கும் ரயில் பயணிகளுக்குத் தொடர் பிரசங்கம், முந்தின இரவே வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு. பைக்கில் போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டாம்.