பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிட்டால்? பேட்டர்ன், பின், கைரேகை, முகம்

போனைத் திறக்கப் புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் பேட்டர்ன் லாக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்குப்படி பேட்டர்ன் பலமானதுதான். ஒன்பது புள்ளிகளில் குறைந்தது நான்கை இணைத்தால் 3,89,112 வடிவங்கள் வரும். நான்கு இலக்கப் பின்னில் (PIN, ரகசிய எண்) 10,000 மட்டுமே. ஆனால் பேருந்தில் பின்னால் நிற்பவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் போவதில்லை; நம் திரையைத்தான் பார்க்கிறார். கட்டைவிரல் போகிற வழியெல்லாம் கோடு விழுகிறது, கடைசிப் புள்ளியைத் தொடும்போது முழு உருவமும் தெரிகிறது. எண்களை மனதில் வைப்பதைவிட ஒரு உருவத்தை வைத்துக்கொள்வது சுலபம்.

அமெரிக்கக் கடற்படை அகாடமி, மேரிலாந்து பல்கலைக்கழகம் – பால்டிமோர் கவுன்டி (UMBC) ஆய்வாளர்கள் 2017-ல் இதைச் சோதித்தார்கள். போன் திறக்கப்படும் வீடியோவை ஒரே ஒரு தடவை பார்த்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் ஆறு புள்ளிப் பேட்டர்னை அப்படியே போட்டுக் காட்டினார்கள். கோடு தெரியாமல் மறைத்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. ஆறு இலக்கப் பின்னைப் பிடித்தவர்கள் சுமார் 11 சதவீதம்தான். பேட்டர்ன் பழகிவிட்டது, மாற்ற முடியாது என்பவர்கள் செட்டிங்ஸில் அந்தக் கோட்டையாவது மறைத்து வையுங்கள்.

அதற்காக ஆறு இலக்கப் பின் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவைக்கு மேல் பார்த்தவர்களில் சுமார் 27 சதவீதம் பேர் அதையும் பிடித்துவிட்டார்கள். தினமும் ஒரே அலுவலகத்தில், ஒரே ஆட்கள் நடுவில் போனைத் திறப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதனால்தான் கைரேகை வேண்டும் என்கிறேன். விரல் வைப்பதைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஈரக் கையில் அது தடுமாறும். மாவு பிசையும்போது வேலைக்காகாது. வருஷக்கணக்காக வயலிலும் கட்டட வேலையிலும் ரேகை தேய்ந்த விரல்களைப் பல போன்கள் ஏற்பதே இல்லை. அப்போது மறுபடி பின்தான் கேட்கும். போனை அணைத்துப் போட்டாலும் முதலில் பின்தான். ஆகவே கைரேகை இருக்கிறதே என்று 1234 வைப்பது ஆபத்து.

முகம் காட்டித் திறப்பது போனைப் பொறுத்தது. 2017-ல் ஐபோன் எக்ஸில் வந்த ஃபேஸ் ஐடி, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி முகத்தின் மேடுபள்ளத்தை அளக்கிறது. முன்கேமராவை மட்டும் நம்பும் விலை குறைந்த போன்கள் சிலவற்றை ஒரு போட்டோவே ஏமாற்றிவிடும். அவற்றில் இந்த வசதி வேண்டாம்.

என் தேர்வு: வெளியில் கைரேகை, அடியில் ஆறு இலக்கப் பின். கைரேகை பதியாத பெரியவர்களுக்கும் பின்தான். பிறந்த தேதியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன் பின்னும் யூபிஐ பின்னும் ஒன்றாக இருந்தால் ஒன்றை இன்றே மாற்றிவிடுங்கள். திரையைப் பார்த்தவர் கையில் போனும் கிடைத்தால் அடுத்து அவர் திறக்கப் பார்ப்பது பணம் இருக்கும் ஆப்பைத்தான்.