பிள்ளைகளுக்கு அறபுச் சொற்கள்: கேமா, பேசும் பேனாவா, வகுப்புத் திரையா?

கிழக்கிலங்கையின் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் பிள்ளைகள் சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதப் போய்விடுகிறார்கள். எழுத்துக் கூட்டி அழகாக ஓதுகிறார்கள். ஆனால் ஓதும் சொல்லுக்குப் பொருள் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அதைச் சரிசெய்ய ஃபோனில் எதைப் போட்டுக் கொடுக்கலாம் என்று தேடும் உம்மா, வாப்பாமாருக்காக இதை எழுதுகிறேன்.

இலவச கேம்களில் 'அந்தூரா அன்ட் த லெட்டர்ஸ்', 'ஃபீட் த மான்ஸ்டர்' இரண்டும் தரமானவை. போரால் படிப்பை இழந்த சிரியப் பிள்ளைகளுக்காக நோர்வேயின் உதவியுடன் உருவாகி 2017இல் வந்தவை. இறக்கி வைத்துவிட்டால் டேட்டா இல்லாமலும் விளையாடலாம். சொல்லின் தொடக்கம், நடு, முடிவு என அறபு எழுத்து உருமாறுவது விளையாட்டிலேயே பழகிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'பாப்' என்றால் கதவு என்று சிரியப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரியும். அதற்குத் தேவை எழுத்து. நம் பிள்ளைக்கு எழுத்து மதரஸாவில் கிடைக்கிறது, பொருள்தான் கிடைப்பதில்லை. ஆகவே இந்தக் கேம்கள் வாசிப்புக்கு உதவும், சொல்வளத்துக்குப் போதாது. படம் காட்டிச் சொல் தரும் வேறு செயலிகள் இருக்கின்றன. அவற்றில் பல ஆங்கிலம் வழியாகவே பொருள் சொல்கின்றன. 2 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் நினைவில் இருக்கட்டும்.

பேசும் பேனாவில் திரையே இல்லை. பக்கத்தில் அச்சான நுண்புள்ளிகளைப் படித்து, தொட்ட படத்தின் பெயரைச் சொல்லும். ஐந்து வயதுக்குக் கீழே என் தேர்வு இதுதான். குறை என்னவென்றால், அந்தப் பேனாவுக்கென்று அச்சிட்ட புத்தகத்தில் மட்டுமே அது பேசும். பிள்ளை சொல்வதை அது கேட்பதுமில்லை. அறபில் இதயமும் (qalb) நாயும் (kalb) முதல் ஒலியில்தான் வேறுபடுகின்றன; தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க' என்பதால் இதயத்தைச் சொல்லப் போய் நாயைச் சொல்லிவிடும் பிள்ளையை மௌலவிதான் திருத்த முடியும்.

வகுப்புத் திரை, அதாவது மதரஸா வகுப்பில் மௌலவி படம் காட்டிச் சொல்லித்தரும் பெரிய திரை, விலை கூடியது. ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால் மூன்றில் இதற்கே என் ஓட்டு, ஏனென்றால் அங்கே ஆள் இருக்கிறார். படத்தைக் காட்டி, அறபில் சொல்லி, சந்தேகம் வந்தால் தமிழில் விளக்குகிறார். பெரிய திரைக்கு வசதியில்லாத மதரஸா பழைய டெப் ஒன்றையே வைத்துத் தொடங்கலாம். நம் ஊர்ப் படங்களைப் போட்டு, மௌலவியின் குரலைப் பதிந்தால் போதும். கடலுக்கு 'பஹ்ர்', மீனுக்கு 'சமக்', காத்தான்குடி பிரதான வீதியில் நிற்கும் பேரீச்சைக்கு 'நக்ல்'. ஒரு வாரத்துக்கு ஐந்து சொல் என்று வைத்து, அதே பதிவை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.