மண்டபமா, மைதானமா?

தீபாவளிக்கு முந்திய ஷோவை இலங்கை மலையகத்து ஹட்டனில் உள்ள டன்பார் மைதானத்தில் வைப்போம் என்று எங்கள் இசைக்குழுவில் பாதிப் பேர் நின்றார்கள். டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்கு அதே கனவு. பேசிப் பேசிக் கடைசியில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோம். நான் தொடக்கத்திலிருந்தே மண்டபக் கட்சி, அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

மைதானத்தில் கூட்டம் கூடும், மண்டபத்தில் மழைப் பயமில்லை. இதெல்லாம் தெரிந்ததுதான். 20,000 பேர் கொள்ளும், கூரை போட்ட அரினாவா, 50,000க்கு மேல் கொள்ளும் ஸ்டேடியமா என்று பெரிய ரொக் குழுக்கள் யோசிக்கும்போதும் கணக்கு வேறோர் இடத்தில்தான் இடிக்கிறது: அங்கே இல்லாததையெல்லாம் கொண்டுபோய்க் கட்டும் செலவு.

அரினாவில் கூரை, கரண்ட், விளக்கையும் ஸ்பீக்கரையும் தொங்கவிட இரும்பு எல்லாம் தயார். காலையில் லொறி வந்தால் இரவு ஷோ, விடியுமுன் அடுத்த ஊருக்குப் புறப்படலாம். ஸ்டேடியத்தில் இருப்பது புல்தரை. மேடை எழுப்பவே நாட்கள் போகும். அயர்லாந்து ரொக் குழுவான யூ2, 2009 முதல் 2011 வரை போன 360 பாகைச் சுற்றுப்பயணத்தில், நான்கு கால் வைத்த ராட்சத இரும்புக் கூட்டை மூன்று செட் செய்தார்கள். ஒன்றின் கீழ் பாடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அடுத்த ஊரில் எழும்ப வேண்டுமே! ஷோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளுக்குச் சுமார் 750,000 டொலர் செலவு. 70 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றதால் தாங்கினார்கள்.

எங்கள் கணக்கில் இரும்புக் கூடு இல்லை. மேடை, ஜெனரேட்டர், டீசல், மிக்ஸரை மூடப் படங்கு, சுற்றி அடைக்கத் தகரம். அந்தத் தகரம்தான் எனக்குச் சிரிப்பு. மலையில் மைதானம் என்றால் சுற்றிலும் மேடு. எவ்வளவு உயரமாக அடைத்தாலும் மேல் ரோட்டில் நின்று ஓசியில் பார்ப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

சத்தமும் ஒரு பிரச்சினை. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்திக் கேட்கும். அதைச் சரிசெய்ய நடுவில் இன்னொரு வரிசை ஸ்பீக்கர் வைத்து, அதன் சத்தத்தைக் கணக்காகப் பிந்தவிட வேண்டும். அதற்கும் வாடகை. மண்டபத்தில் எதிரொலி உண்டு, தகரக் கூரையில் மழை கொட்டினால் மெதுவான பாட்டு எடுபடாது. ஆனாலும் காசு கேட்காத தொல்லைகள்.

மைதானத்துக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே டிக்கெட்டைக் குறைத்து விற்கலாம், தோட்டத்திலிருந்து குடும்பமாக வருவார்கள். நான் மைதானத்தில் வாசித்தது பிறர் போட்ட மேடையில்தான், கேட் வசூல் என் கையால் எண்ணியதல்ல. அதனால் அந்தப் பக்கம் அடித்துப் பேசமாட்டேன்.

சம்பளம் கிடைக்கும் 10ஆம் திகதிக்குப் பிந்திய சனிக்கிழமையைப் பிடித்திருக்கிறோம். டிக்கெட் முடிந்துவிட்டால் ஞாயிறும் அதே மண்டபம்தான், செட்டைக் கழற்றும் வேலையே இல்லை. தம்பி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.