நாலு அடுக்கு என்று காசு வாங்கி இரண்டு அடுக்கு போட்டார்கள்: மொட்டை மாடிக்குத் தார் போடப் போகிறவர்கள் படிக்கவும்

வயிறு எரிந்து எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1,75,000. ஒன்றே முக்கால் லட்சம். மொட்டை மாடிக்கு பில்ட்-அப் ரூஃபிங் போடக் கொடுத்த பணம். போட்டு ஒரு மழைக்காலம்கூட முழுசாகத் தாண்டவில்லை, ஹாலில் சொட்டுகிறது. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது.

இந்த முறை தெரியாதவர்களுக்கு: ஃபெல்ட் ஷீட்டையும் (தார் ஊறிய அட்டை மாதிரி, சுருளாக வரும்) உருக்கிய தாரையும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். மூன்றிலிருந்து ஐந்து அடுக்கு வரை போகும். கடைசியில் மேலே கனமாகத் தாரை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கூழாங்கல்லைப் பரப்பிவிடுவார்கள். வெயில் நேராகப் பட்டால் தார் வறண்டு வெடிக்கும், அதனால் கல்லுதான் அதற்குக் குடை. ஒழுங்காகப் போட்டால் 20 வருஷம் கவலையில்லை. முறையில் ஒரு குற்றமும் இல்லை. போடுகிற கையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆள் கிடைத்தது வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை டிக், நாலே முக்கால் ஸ்டார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறினார். மட்டக்குழாயைப் பிடித்து மூலைக்கு மூலை பார்த்து, "வாட்டம் அருமையா இருக்குக்கா, தண்ணி தானா ஓடிரும்" என்றார். அப்புறம் பையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை எடுத்தார். விரல் கனம், கறுப்பாக மினுமினுவென்று. பக்கவாட்டில் திருப்பி நகத்தால் கீறிக் காட்டினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நீங்களே எண்ணிப் பாருங்க. இதான் உங்க மாடிக்கு வரப்போகுது." எண்ணினேன். நாலு இருந்தது. அந்தத் துண்டுதான் என்னை விழத்தட்டியது. இத்தனை பொறுமையாக நகத்தால் கீறிக் காட்டுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அன்றைக்கே பாதிப் பணம், வேலை முடிந்த அன்றைக்கு மீதி. ஒன்றே முக்கால் லட்சமும் போய்ச் சேர்ந்தது.

வேலை தொடங்கிய அன்று காலையில் தரை ஈரமாக இருந்தது, ராத்திரி மழை. கேட்டதற்கு, "கொதிக்கிற தாருக்கா, ஈரமெல்லாம் நிக்குமா?" என்று சிரித்தார். நிற்கும். உள்ளே மாட்டிய ஈரம் வெயிலில் ஆவியாகி ஷீட்டைத் தூக்கும். இப்போது கல்லுக்கு அடியில் அங்கங்கே கொப்புளம், காலை வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகிறது.

சொட்ட ஆரம்பித்ததும் போன் செய்தேன். "முதல் மழைல அப்படித்தான்க்கா, தார் செட்டாகணும்." (ஆறினால் தார் செட். அதற்கு எதற்கு மழை?) அடுத்து, "கொடிக்கம்பி கட்டிருக்கீங்க, அதான் ஓட்டை." கம்பி கட்டியிருப்பது கைப்பிடிச்சுவரில்! அப்புறம், "அது ரூஃப் இல்லக்கா, சுவர் வழியா வருது." அப்புறம் வீட்டில் துக்கம். அப்புறம் ரிங் போகிறது, எடுப்பதில்லை.

ஆப்காரர்கள் இன்னும் மேல். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று சாட்டில் ஒரே வரி, ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில், "நாங்கள் இருவரையும் இணைப்பதோடு சரி, வேலையின் தரத்துக்குப் பொறுப்பில்லை" என்றார்கள். அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதைச் சரிபார்த்தது, அவர் போட்டோவையா? 10 வருஷ வாரன்டி பேப்பரை எடுத்துப் படித்தால், பொருளுக்கு மட்டும்தான், வேலைக்கு இல்லை. தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் இல்லை. வாட்டம் அருமை என்று மட்டக்குழாய் பிடித்துச் சொன்ன அதே ஆள் கொடுத்த பேப்பர் இது.

பொறுக்க முடியாமல் வேறொரு பெரியவரைக் கூட்டி வந்து காட்டினேன். மழைநீர்க் குழாய் பக்கத்தில் கல்லை ஒதுக்கிவிட்டு, சாண் அகலத்துக்கு நீளமாக ஒரு கீற்று வெட்டி எடுத்தார். எண்ணினோம். இரண்டு. நாலு இல்லை, இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே கையகலத்துக்குத் தாரே படவில்லை, ஷீட் காய்ந்த அட்டை மாதிரி தனியாக வந்தது. அடியில் பிரைமர் (தார் தரையில் பிடிக்க முதலில் பூசும் பூச்சு) கிடையாது, சிமென்ட் தூசி அப்படியே ஒட்டியிருந்தது.

திருட்டு எப்படி என்று அவர்தான் விளக்கினார். ஷீட் அகலம் 36 அங்குலம். நாலு அடுக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு ஷீட்டையும் முந்தினதிலிருந்து எட்டரை அங்குலம் மட்டும் தள்ளிப் போட வேண்டும். 17 அங்குலம் தள்ளினால் இரண்டு அடுக்குதான் வரும். பாதி ஷீட் மிச்சம், பாதித் தார் மிச்சம், பாதி நாள் மிச்சம். மேலே கல்லைக் கொட்டிவிட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? சுவரும் தரையும் சேரும் மூலையில் சரிவாக ஒரு கட்டை வைத்து அதன்மேல் ஷீட்டை ஏற்றாமல், நேராக மடக்கியிருக்கிறார்கள். மடிப்பு முழுக்க வெடிப்பு. சுவரில் 8 அங்குலமாவது ஏற வேண்டிய ஷீட் நாலு விரல்தான் ஏறியிருக்கிறது.

இனி முழுசாகப் பெயர்த்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டுமாம். போன ஒன்றே முக்கால் லட்சம் போதாதென்று பெயர்க்கிற கூலி வேறு.

என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் பாதி மறந்துவிட்டது. முக்கியமானது இதுதான்: கல் போடுவதற்கு முன்னால் பணத்தை முடிக்காதீர்கள். உங்கள் கண்முன்னால், நீங்கள் காட்டுகிற இடத்தில் கீற்று வெட்டி அடுக்கை எண்ணச் சொல்லுங்கள். அவர் பையிலிருந்து எடுக்கும் துண்டு எந்த வீட்டுத் துண்டோ. ஷீட் போடும்போது அங்குல டேப்போடு பக்கத்தில் நில்லுங்கள். ஈரத் தரையில் தொடங்கினால் அப்போதே நிறுத்துங்கள். குழாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பாருங்கள், அதையும் கல்லுக்கு முன்னாலேயே. வாரன்டியில் "வேலைக்கும் சேர்த்து" என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்டாரை நம்பாதீர்கள். கீற்றோட போட்டோ போட்டு நான் எழுதின ஒரு ஸ்டார் ரிவ்யூவை "விதிமுறைக்குப் புறம்பானது" என்று தூக்கிவிட்டார்கள். அந்த ஆளுக்கு இன்னமும் நாலே முக்கால்தான்.